ஒன்பது நாள் வருகை

விவேக் நகர்,
பெங்களூர்.
12.8.2006

அன்புள்ள தங்கை வீணாவுக்கு,

மௌரீன் அக்கா எழுதுகிறேன். உங்கள் கார்மென்ட்ஸ் கம்பெனியில் டைம் ஆபீஸில் இருந்த ரெமிஜியஸ் அண்ணனின் வீட்டுக்காரி. போன வருடத்துக்கு முந்தின வருடம் கிறிஸ்துமஸுக்கு நீ குழந்தையோடு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாய். மித்து இரண்டு கன்னத்திலும் கல்கல் பலகாரத்தை அடக்கிக்கொண்டு, யார் கேட்டாலும் பேசமாட்டேன் என்று உட்கார்ந்திருந்தாள்.

நீ சௌக்கியமா என்று கேட்டுத்தான் கடிதத்தை ஆரம்பிக்க வேண்டும். உன்னிடம் அதை எப்படிக் கேட்பது என்று தெரியாமல் இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன். உடம்பையாவது பார்த்துக்கொள்கிறாயா? தினேஷ் தம்பி இன்னும் பூனா லைனில்தான் லாரி ஓட்டுகிறாரா? உன் மாமியாரின் முழங்கால் எப்படி இருக்கிறது? உன் விலாசத்தை உங்கள் லைன் சூப்பர்வைசர் பாமாதான் கொடுத்தாள். போன் நம்பரும் கொடுத்தாள். ஒரு முறை அடித்தேன். உன் மாமியார் குரல் கேட்டதும் வைத்துவிட்டேன். இது போனில் பேசுகிற விஷயமில்லை.

இங்கே லீனா பி.யு.சி. முடித்துவிட்டாள். நர்ஸிங் சேர்க்கலாம் என்றிருந்தோம், இந்த வருடம் முடியவில்லை. சிவாஜிநகரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் நிற்கிறாள். நான் ஜாக்கெட் தைக்கிறேன். அண்ணன் வீட்டில் இருக்கிறார்.

கம்பெனியை மார்ச்சில் மூடிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டிருப்பாய். வேலை போனவர்களுக்கு இ.எஸ்.ஐ. மூலமாக ஆறு மாதத்துக்குப் பாதிச் சம்பளமும், குடும்பத்துக்கு மருத்துவமும் கொடுக்கிறார்கள். பாமாவுக்குக் கிடைத்தது. கட்டிங் பிரிவில் இருந்தவர்களுக்கெல்லாம் கிடைத்தது. உன் அண்ணனும் விண்ணப்பம் போட்டார். இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஏனென்றால் அவர் வேலை கம்பெனி மூடியதால் போகவில்லை. மூடுவதற்குப் பதினெட்டு நாள் முன்பு அவரை டிஸ்மிஸ் செய்துவிட்டார்கள். ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்டவருக்கு அந்த உதவி கிடையாதாம். அதற்கு முன்பும் ஏழு மாதம் சஸ்பென்ஷனில்தான் இருந்தார்.

என்ன ஒழுங்கீனம் என்று உனக்குத் தெரியாது. தெரியக் கூடாது என்று அவர் எங்கள் எல்லோரிடமும் வாக்கு வாங்கியிருந்தார். இப்போது நான் அதை மீறுகிறேன். நான் எழுதுவது அவருக்குத் தெரியாது.

போன வருடம் ஜூலையில் மித்துவைப் பிள்ளைகள் ஆஸ்பத்திரியில் சேர்த்ததும், நீ டாக்டர் சீட்டையும் லீவு லெட்டரையும் ஒரு கவரில் போட்டு, கேட்டில் வைத்து அண்ணனிடம் கொடுத்தாய். அன்று சாயங்காலமே ஆஸ்பத்திரிக்கு வந்து, "லீவ் சாங்ஷன் ஆயிடுச்சும்மா, நீ கவலப்படாம புள்ளைய பாரு" என்று அவர் உன்னிடம் சொன்னார். அது உண்மையில்லை வீணா. மானேஜர் உன் கடிதத்தில் சிவப்பு மையால் கோடு போட்டு, "ஷிப்மென்ட் டைம்ல லீவா? ஆகல்ல, ஹோகு" என்று கன்னடத்தில் விரட்டி, அவர் முன்னாலேயே ஃபைலில் எறிந்துவிட்டார். எட்டு நாள் வராமல் நின்றால் பெயரை எடுத்துவிடுவார்கள். பெயர் போனால் இ.எஸ்.ஐ. கார்டு செல்லாமல் போய், குழந்தையின் வைத்தியம் நடுவில் நின்றுவிடும் என்று இவருக்குப் பயம். அதனால் மறுநாள் காலை முதல் உன் வருகைக் கார்டை இவரே எடுத்து மெஷினில் அடித்தார். காலையில் ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை. ஒன்பது வேலை நாள். பாமாவுக்கும் தெரியும். அவள் உன் தையல் மெஷினில் ஹெல்பரை உட்காரவைத்துக் கணக்கைச் சரி செய்தாள்.

பதினாலாம் தேதி வியாழக்கிழமை காலை எட்டு ஐம்பத்தைந்துக்கும் அடித்தார். பதினொரு மணிக்கு மேல்தான் ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி வந்தது.

பிறகு உங்கள் லைன் பெண்கள் எல்லோரும் சேர்ந்து நோட்டீஸ் போர்டில் ஒரு இரங்கல் எழுதி ஒட்டினார்கள். குழந்தையின் பெயர், வயது நான்கு, இறந்த தேதி. அதை மானேஜர் படித்தார். கார்டைக் கொண்டுவரச் சொன்னார். பிள்ளை செத்த அன்றைக்குத் தாய் வேலைக்கு வந்திருப்பதாகக் கார்டு சொல்கிறது. அப்படித்தான் பிடிபட்டார்.

நீ கேட்டில் கவர் கொடுத்ததைப் பார்த்த வாட்ச்மேன், அதில் பணம் இருந்திருக்கும் என்று எழுதிக் கொடுத்தான். விசாரணையில் உன் அண்ணன் வாயே திறக்கவில்லை. பேசினால் பாமா பெயர் வரும், உன்மேல் போலீஸ் கேஸ் போடுவார்கள் என்று நினைத்தார். அவர் பேசாமல் இருந்ததால் வெளியே என்னென்னவோ பேசினார்கள். ஒரு பெண்ணுக்காக ஒரு ஆண்பிள்ளை ஏன் இதைச் செய்ய வேண்டும் என்று பேசினார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் ஒரு நாள் அவரிடம் அதைக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டில் கையைக் கழுவிவிட்டு எழுந்து போனார். அதற்குப் பிறகு வியாழக்கிழமைகளில் குழந்தை இயேசு கோயில் நவநாள் ஜெபத்துக்கு அவர் வருவதில்லை. இருபது வருடம் ஒரு வியாழன் தவறாதவர்.

இப்போது நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன். இ.எஸ்.ஐ. இன்ஷூரன்ஸ் ஆபீஸில் மேல்முறையீடு போட்டிருக்கிறோம். செப்டம்பர் இருபதாம் தேதி விசாரணை. யூனியன் கோவிந்தராஜன் சார்தான் எழுதிக் கொடுத்தார். ஒழுங்கீனம் நிரூபிக்கப்படவில்லை என்று காட்டினால் உதவி கிடைக்கும் என்கிறார். அதற்கு ஒரு வழிதான் இருக்கிறதாம். அந்த ஒன்பது நாளும் நீயே வேலைக்கு வந்தாய், உன் கார்டை நீயே அடித்தாய், வியாழக்கிழமையும் மெஷினில் இருந்தாய், செய்தி வந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனாய் என்று நீ எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தக் காகிதத்தை அவர் தட்டச்சு செய்து கொடுத்திருக்கிறார். இதோடு வைத்திருக்கிறேன். நீ இனி அந்த வேலைக்குத் திரும்பப் போவதில்லை, கம்பெனியும் இல்லை, உனக்கு இதனால் ஒரு நஷ்டமும் வராது என்று அவர் சொன்னார்.

நஷ்டம் வருமா வராதா என்று எனக்குத் தெரியும். நானும் பிள்ளை பெற்றவள். நீ அந்த ஒன்பது நாளும் கட்டிலை விட்டு நகரவில்லை என்று உன் அண்ணன் என்னிடம் சொல்லியிருக்கிறார். பொய் என்று தெரிந்துதான் கேட்கிறேன். அவருக்கு ஐம்பத்துநாலு வயது. டிஸ்மிஸ் என்று எழுதின காகிதத்தோடு எங்கே போய் நின்றாலும் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். சர்க்கரையினால் காலில் ஒரு புண் ஆறாமல் இருக்கிறது. கட்டுப் போடத் தனியார் டாக்டரிடம் போக மாட்டேன் என்கிறார்.

முடியாது என்றால் பதில் எழுத வேண்டாம். நான் புரிந்துகொள்வேன்.

உன் துக்கத்தில் பங்குள்ள,
மௌரீன் அக்கா


விவேக் நகர்,
2.9.2006

அன்புத் தங்கை வீணாவுக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. நல்லவேளை, தபால்காரர் வந்தபோது அண்ணன் வீட்டில் இல்லை. அவர் வந்த பிறகு, மாடியில் துணி காயப்போடப் போகிறேன் என்று சொல்லி, அங்கே நின்று படித்தேன்.

"அண்ணாவுக்கா வேலை போச்சு? எனக்காகவா?" என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறாய். அவர் லீவு வாங்கிக் கொடுத்துவிட்டார் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டு, கோலார் தங்கவயலில் மாமியார் வீட்டில் இருந்தபடியே அவருக்காக வேண்டிக்கொண்டதாகவும் எழுதியிருக்கிறாய். அதையெல்லாம் நான்தான் உன்னிடமிருந்து பறித்துவிட்டேன்.

அதைவிட, நீ அடுத்த பக்கத்தில் எழுதியிருந்தது எனக்குத் தெரியவே தெரியாது. தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்கு வந்து போகிற பெண்கள் இருக்கிறார்களே, அவர்கள் மூலமாகக் கார்டு விஷயம் அரைகுறையாக உன் ஊருக்குப் போயிருக்கிறது. பிள்ளை உயிருக்கு இழுத்துக்கொண்டிருந்தபோது தாய்க்காரி ஓவர்டைமுக்காக மெஷினில் உட்கார்ந்திருந்தாள், கார்டிலேயே இருக்கிறது என்று பேசியிருக்கிறார்கள். உன் மாமியார் அதை நம்பி, மித்துவின் போட்டோவை உன் அறையிலிருந்து எடுத்துக்கொண்டு போய் அவர் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார் என்று எழுதியிருக்கிறாய். தினேஷ் தம்பி அந்த நாட்களில் லாரியில் இருந்ததால் அவரும் எதுவும் சொல்ல முடியாமல் இருக்கிறார் என்றும் எழுதியிருக்கிறாய். ஆஸ்பத்திரியில் உன்னோடு வேறு யாரும் இல்லை.

இவ்வளவையும் எழுதிவிட்டுக் கடைசியில் இப்படி எழுதியிருக்கிறாய்: "ஏற்கனவே எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. இன்னொரு தடவை நானே சொல்லிட்டா என்ன ஆயிடப்போவுது அக்கா. காகிதம் மட்டும் அனுப்பினா நம்ப மாட்டாங்க. நானே நேர்ல வந்து சொல்றேன்."

அந்த வரியைப் படித்த பிறகு, இன்று காலை உன்னை வர வேண்டாம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். சத்தியமாக அதற்குத்தான் தாளை எடுத்தேன். கீழே அவர் கால் கட்டை மாற்றுவதற்காக வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். லீனா நின்றே இட்லியைச் சாப்பிட்டுவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள். வர வேண்டாம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. இவ்வளவுதான் நான்.

எனவே வா. இருபதாம் தேதி புதன்கிழமை. காலை ரயிலில் வந்து கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் இறங்கு. நான் வெளியே ஆட்டோ ஸ்டாண்டு பக்கம் நிற்பேன். நீ எழுதியிருப்பதுபோல வீட்டில் ஆஸ்பத்திரிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வருவதானால், சாயங்கால வண்டிக்கே உன்னை ஏற்றிவிடுகிறேன். ஆபீஸில் பேசுகிற அளவு பேசினால் போதும். அவர்கள் கன்னடத்தில் கேட்பார்கள், உனக்குத்தான் நன்றாக வருமே. குழந்தையைப் பற்றிக் கேட்டால் அழுகை வரும், வந்தால் வரட்டும் என்று கோவிந்தராஜன் சார் சொன்னார். அந்த மனுஷன் கெட்டவர் இல்லை. ஆனால் அப்படிச் சொன்னபோது எனக்கு அவர் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

அண்ணனிடம், நீ அவருடைய நல்ல குணத்தைப் பற்றிச் சொல்ல வருகிறாய் என்று மட்டும் அன்று காலையில் சொல்வோம். காகிதத்தைப் பற்றி உள்ளே போகும் வரை சொல்லக்கூடாது என்று முடிவு செய்திருக்கிறோம். முன்னாலேயே தெரிந்தால் அவர் வரவே மாட்டார்.

சிவாஜிநகரில் மாதா திருவிழாவுக்குக் கொடி ஏற்றியாகிவிட்டது. காவிச் சேலை கட்டின கூட்டம், எல்லா பஸ்ஸையும் சுற்றி விடுகிறார்கள். நேற்று நான் போய் மித்துவுக்காக ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன். நீங்கள் புத்தரைக் கும்பிடுகிறவர்கள், தவறாக நினைக்காதே. வேறு எங்கே போவதென்று எனக்குத் தெரியாது.

வரும்போது காலையில் ஏதாவது சாப்பிட்டுவிட்டு ஏறு.

அன்புடன்,
மௌரீன் அக்கா


விவேக் நகர்,
3.12.2006

என் அன்புத் தங்கை வீணாவுக்கு,

இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது, உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. ஆபீஸிலிருந்து ஆர்டர் வரட்டும் என்று இருந்தேன் என்று சொன்னால் அது பாதிதான் உண்மை. வந்து பத்து நாள் ஆகிறது. இன்று காலை பூசைக்குப் போய்விட்டு வந்து, இனியும் தள்ளிப்போடக் கூடாது என்று உட்கார்ந்திருக்கிறேன்.

விசாரணை அன்றைக்கு நீ வெளியே பெஞ்சில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாய். பிறகு உன் அண்ணன் வந்து, "உன்ன கேக்க வேண்டியதில்லன்னுட்டாங்கம்மா, வேலை சுலபமா முடிஞ்சிடுச்சு" என்றார். நீ என்னைப் பார்த்தாய். நான் தலையை ஆட்டினேன். ஸ்டேஷன் வரைக்கும் அவர் உன்னோடு ரயில் நேரத்தைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசிக்கொண்டு வந்தார். வண்டி கிளம்பும்போது ஒரு சீப்பு பழத்தை ஜன்னல் வழியாகக் கொடுத்தார். மறுபடியும் உன்னிடம் பொய் சொல்லித்தான் அனுப்பினார். நானும் கூட நின்றேன். உள்ளே நடந்தது உனக்குத் தெரிய வேண்டும்.

முதலில் காலையில் நடந்ததைச் சொல்கிறேன். ஆபீஸ் வாசலில் உன்னைப் பார்த்ததும் அவர், "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டார் அல்லவா? நீ இல்லை என்றதும் காலை இழுத்துக்கொண்டு ரோட்டைக் கடந்து போய் டீயும் பன்னும் வாங்கி வந்தார். அதை உன் கையில் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பி, "பொண்ணு பாதியா எளச்சிருச்சு மௌரீன்" என்றார். அப்போதே நான் எல்லாவற்றையும் சொல்லி நிறுத்தியிருக்க வேண்டும்.

உள்ளே அதிகாரி ஒரு அம்மாள். நாற்பத்தைந்து வயது இருக்கும், கண்ணாடி போட்டவர். உட்காருங்கள் என்று சொன்னார். கம்பெனி சார்பில் ஒரு இளம் வக்கீல் வந்திருந்தான். என்னைச் சுவர் ஓரமாக உட்காரச் சொன்னார்கள். கோவிந்தராஜன் சார் எழுந்து, சாட்சி வெளியே இருக்கிறார், இது அவருடைய வாக்குமூலம் என்று அந்தக் காகிதத்தைக் கொடுத்தார். அந்த அம்மாள் அதைச் சத்தமாகப் படித்து, கன்னடத்தில் விளக்கினார்.

வியாழக்கிழமை என்ற இடம் வந்ததும் உன் அண்ணன் எழுந்து நின்றுவிட்டார். காகிதத்தை நான் பார்க்கலாமா என்று கேட்டார். கொடுத்தார்கள். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு கடைசி வரைக்கும் மெதுவாகப் படித்தார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

"இத சொல்றதுக்குத்தான் அந்தப் பொண்ண வரவழைச்சீங்களா?" என்று கோவிந்தராஜன் சாரிடம் கேட்டார். அவர் ஏதோ சொல்ல வந்தார். உன் அண்ணன் அவரை விடவில்லை. அதிகாரியிடம் திரும்பினார். "மேடம், அந்தப் பொண்ண உள்ள கூப்பிடாதீங்க. இதுல இருக்கறது எதுவும் நெஜம் இல்ல. கார்டு அடிச்சது நான்தான். அவளுக்குத் தெரியாது. லீவ் கெடச்சிருச்சுன்னு அவகிட்ட நான்தான் பொய் சொன்னேன்" என்றார்.

கம்பெனி விசாரணையில் ஏழு மாதம் வாயைத் திறக்காத மனுஷன் நிறுத்தாமல் பேசினார். நீ கொடுத்த கவரில் இருந்தது லீவு லெட்டர் என்று சொன்னார். மானேஜர் அதை ஃபைலில் எறிந்தார், அந்த ஃபைல் உங்கள் மேஜையில் இருந்தால் பாருங்கள் என்றார். அந்த அம்மாள் கம்பெனி ஃபைலைப் புரட்டினார். உன் கடிதம் அதிலேயே இருந்தது வீணா. சிவப்புக் கோட்டோடு இருந்தது. பின்னால் டாக்டர் சீட்டு குண்டூசியில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த வக்கீல் பையன் தலையைக் குனிந்து ஏதோ எழுதுவதுபோல இருந்தான்.

பாமாவின் பெயரை மட்டும் அன்றும் அவர் சொல்லவில்லை.

அதிகாரி அம்மாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "நீங்க இப்படி ஒப்புக்கிட்டா அப்பீல் நிக்காது. ஒழுங்கீனம்னா ஒழுங்கீனம்தான், ரூல்ல எனக்கு வேற வழி இல்ல. புரிஞ்சுதா?" என்று கேட்டார். புரிகிறது என்றார். "பின்ன ஏன் சொல்றீங்க? அந்தப் பொண்ணே வந்து சொல்றேங்கறாளே" என்றார். அந்த அம்மாளுக்கே எப்படியாவது இவரைக் காப்பாற்றிவிட வேண்டும் என்று இருந்தது போலத் தோன்றியது.

உன் அண்ணன் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு சொன்னார்: "புள்ள சாவறப்ப அவ புள்ளகிட்டதான் இருந்தா மேடம். அவ அங்க இருக்கணும்னுதான் நான் கார்டு அடிச்சேன். இப்ப அவ இல்லன்னு எழுதிட்டா, நான் எதுக்கு அடிச்சேன்?"

அதிகாரி அம்மாள் எழுத ஆரம்பித்தார். நீண்ட நேரம் எழுதினார். ஒவ்வொரு வரியையும் படித்துக் காட்டி அவரிடம் கையெழுத்து வாங்கினார். நீ கையெழுத்துப் போட்ட காகிதத்தை உன் அண்ணன் நாலாகக் கிழித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டபோது, பார்க்காததுபோல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்றைக்கு உன்னை ரயில் ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்த பிறகு ஒன்பது நாள் அவர் என்னோடு பேசவில்லை. நான் எண்ணினேன். பேசிய அன்று ஒன்றுதான் கேட்டார். "வீட்ல ஏன் அந்தப் பொண்ணு பொய் சொல்லிட்டு வரணும்?" என்று கேட்டார். அப்போதுதான் உன் முதல் கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். ரயிலில் பெண்கள் பேசுவதும், உன் மாமியார் போட்டோவைப் பூட்டி வைத்ததும் அதில்தானே இருக்கிறது. படித்துவிட்டு அவர் அழுதார். சத்தமில்லாமல் இல்லை, லீனா அடுத்த அறையிலிருந்து ஓடி வரும்படி அழுதார். நான் அடித்த கார்டு அவளை இப்படி அடித்திருக்கிறதே என்று சொல்லிச் சொல்லி அழுதார்.

மேல்முறையீடு தள்ளுபடியாகிவிட்டது. உதவித்தொகை கிடையாது, மருத்துவமும் கிடையாது. இதற்குமேல் கோர்ட்டுக்குப் போகலாம் என்று கோவிந்தராஜன் சார் சொன்னார். உன் அண்ணன் போதும் என்றுவிட்டார். கோரமங்களாவில் ஒரு அபார்ட்மென்டில் கேட்டில் உட்கார்ந்து வருகிறவர் போகிறவர் பெயரை எழுதுகிற வேலை கிடைத்திருக்கிறது. பழைய வேலையைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை. புண் காரணமாக இடது காலில் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் தர்மவார்டில் நன்றாகத்தான் பார்த்தார்கள். இதை உன்னிடம் மறைக்கக் கூடாது என்று எழுதுகிறேன், உன்னைக் குத்திக் காட்டுவதற்கு இல்லை. என் வீட்டில் உன்மேல் யாருக்கும் வருத்தம் இல்லை. லீனா அடுத்த வருடம் நர்ஸிங் சேர்ந்தே தீருவேன் என்கிறாள். ஆஸ்பத்திரியில் அப்பாவுக்குக் கட்டுக் கட்டினவர்களைப் பார்த்ததிலிருந்து அந்தப் பிடிவாதம்.

ஆர்டரின் நகல் இதோடு இருக்கிறது. லீனா கடையில் எடுத்தாள், இரண்டு பிரதி. இங்கிலீஷில் இருப்பதால் முக்கியமான இடத்தைத் தமிழில் எழுதி மேலே குத்தியிருக்கிறாள். அதை இங்கேயும் எழுதுகிறேன். "மேல்முறையீட்டாளர் பணம் பெற்றார் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. தொழிலாளி வீணா என்பவர் 5.7.2005 முதல் 14.7.2005 வரை ஒரு நாளும் தொழிற்சாலைக்கு வரவில்லை என்பதும், அந்த நாட்கள் முழுவதும், குழந்தை இறந்த நேரம் உட்பட, மருத்துவமனையில் தன் குழந்தையின் அருகிலேயே இருந்தார் என்பதும் பதிவு செய்யப்படுகிறது. பதிவேட்டில் பொய்யாக வருகை குறித்தது ஒழுங்கீனமே என்பதால் மேல்முறையீடு தள்ளுபடி செய்யப்படுகிறது." கீழே அரசாங்க முத்திரை இருக்கிறது.

தள்ளுபடி செய்வதற்கு அவ்வளவு எழுத வேண்டிய அவசியமே இல்லையாம். கடைசி வரி ஒன்றே போதுமாம். கோவிந்தராஜன் சார் சொன்னார்.

உன் அண்ணன் இதை உனக்கு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பச் சொன்னார். தினேஷ் தம்பி ஊருக்கு வரும் நாள் பார்த்து, அவரை மாமியார் எதிரில் உட்காரவைத்து, சத்தமாகப் படிக்கச் சொல்ல வேண்டுமாம். யாராவது சந்தேகப்பட்டால் நான் ரயிலேறி வந்து சொல்கிறேன், ஒற்றைக் காலில் நின்றாலும் சொல்கிறேன் என்கிறார். அவரே எழுத வேண்டும் என்று இரண்டு முறை உட்கார்ந்தார். "அன்புள்ள வீணாவுக்கு" என்பதற்கு மேல் போகவில்லை.

நான் உன்னிடம் கேட்டது எந்தத் தாயிடமும் கேட்கக் கூடாதது. அவருக்காகக் கேட்டேன் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள மாட்டேன். எனக்காகவும்தான் கேட்டேன். என்னை மன்னித்தேன் என்று நீ எழுத வேண்டாம். போட்டோவை உன் அறையில் திரும்ப மாட்டியாகிவிட்டது என்று ஒரு கார்டில் எழுதிப் போடு. அது போதும்.

கடவுள், நீ எந்தப் பெயரில் கும்பிடுகிறாயோ அந்தப் பெயரில், உன்னோடு இருக்கட்டும்.

என்றும் உன்,
மௌரீன் அக்கா